காயாத வடக்குச் சுவர்

கோட்டையின் வடக்குச் சுவர் கட்டி முடித்துப் பதினோரு ஆண்டுகள் ஆகியும் காயவில்லை. மற்ற மூன்று பக்கமும் ஆறே மாதத்தில் இறுகிவிட்டன. ஆணி அடித்தால் ஆணிதான் வளைந்தது. கடலைப் பார்த்த வடக்குப் பக்கம் மட்டும் பிசைந்த மாவு மாதிரியே இருந்தது. குன்றின் உச்சியில், கடற்கரையிலிருந்து முந்நூற்றுப் பத்துப் படி ஏறிப் போக வேண்டிய கோட்டை அது. மூலைக்கு ஒன்றாக நான்கு கொத்தளம், எதிரி நேராக ஓடி வந்து கதவை இடித்துவிடக் கூடாதென்று இரண்டு முறை வளைத்துவிட்ட வாசல்வழி, பாறையைக் குடைந்து எடுத்த கிணறு, ஜன்னலே இல்லாத வெடிமருந்து அறை. எல்லாம் ஒழுங்காகத்தான் அமைந்தன. வடக்குச் சுவருக்கும் மற்றவற்றைப் போலவே வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்தும் சரளையும். சாந்து காயாததால் கல்லும் அதோடு சேர்ந்து இளகிப் போயிற்று. மணலில் உப்பு என்றார்கள், கடல் காற்று என்றார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் உண்மை.

கட்டிய கொத்தனார் தினமும் காலையில் வந்து கட்டைவிரலால் சுவரை அழுத்திப் பார்ப்பார். தடம் விழாமல் நின்றால்தான் சாரத்தைப் பிரிக்கலாம், தண்ணீர் ஊற்றி இறுக வைக்கலாம். அதற்கு முன்னால் ஊற்றினால் சாந்து கரைந்து ஓடிவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருடைய நம்பிக்கை. தடம் விழுந்துகொண்டே இருந்தது. அதனால் சுவரின் மேல் கூரை போட்டு மழை படாமல் காத்தார்கள், சாரத்தையும் விட்டுவைத்தார்கள். கழிகள் உளுத்தன, புதிது கட்டினார்கள், அவையும் உளுத்தன. ஐந்தாம் ஆண்டு எதிரிக் கப்பல்கள் வந்து மூன்று நாள் குண்டு போட்டன. இருநூற்று நாற்பது குண்டுகளையும் சுவர் விழுங்கியது. சேற்றில் கல் விழுகிற சத்தம் கேட்டதே தவிர வேறு சேதம் இல்லை. கப்பல்கள் வந்த வழியே போயின. அதுவரை கொத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த தளபதி, காயாத சுவர் தன்னுடைய யோசனைதான் என்று மேலிடத்துக்கு எழுதினார்.

பன்னிரண்டாம் ஆண்டு ஒரு காலையில் கொத்தனார் வழக்கம்போல் அழுத்தினார். சுவர் விரலை விடவில்லை. மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஆள் முழுக்க உள்ளே போனார். கூட நின்ற இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்ததில் செருப்பு மட்டும் கையோடு வந்தது. அரை மணி நேரம் கழித்து, கோட்டையின் உள்பக்கம், இடுப்பு உயரத்தில், வலது கை மட்டும் வெளியே வந்து விரல்களை அசைத்தது. கல் இடுக்கிலிருந்து குரலும் வந்தது.

“உசுரோடதான் இருக்கேன். மூச்சு விட முடியுது. அவ மாசமா இருக்கா, பக்குவமா சொல்லுங்க.”

மனைவி நேராகத் தளபதியிடம் போனாள். “நாலு ஆளு ஒரு மத்தியானம் வெட்டுனா வெளிய வந்துடுவாருங்க.”

“சண்டை முடியட்டும்மா. இருக்கிற செவத்துல ஓட்டை போட்டவன்னு எனக்குப் பேரு வரணுமா?”

சண்டை ஏழு ஆண்டுகள் முடியவில்லை. மூன்று வேளையும் அவள் உள்ளங்கையில் சாப்பாட்டை வைப்பாள். கை உள்ளே போய்க் காலியாகத் திரும்பி வரும். உப்பு கம்மி என்று உள்ளேயிருந்து புகார் வரும், அவளும் சும்மா இருக்க மாட்டாள். எல்லாக் குடும்பங்களையும் போலத்தான் அதுவும் நடந்தது. மகள் பிறந்தாள், அப்பா என்றால் ஒரு கை என்றே அவளுக்குத் தெரியும்.

கொத்தனார் உள்ளே போன எட்டாம் ஆண்டுக் கோடையில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. சுவர் காய்ந்துவிடப் போகிறது என்று தளபதி பயந்தார். அவர் ஏர் ஓட்டிய குடும்பத்துப் பிள்ளை. மண் காய்ந்தால் தண்ணீர் ஊற்றுவார்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கூரையைப் பிரித்து, காலையும் மாலையும் நாற்பது பேர் கிணற்றுத் தண்ணீரைச் சுமந்து ஊற்ற உத்தரவு போட்டார். பத்தொன்பது ஆண்டுகளாகச் சுவர் இதற்காகத்தான் காத்திருந்தது போலிருக்கிறது. இரண்டாம் நாளே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“யாரு தண்ணி ஊத்துறது? நிறுத்தச் சொல்லு. செவரு பிடிக்குது.”

மனைவி தளபதியிடம் ஓடினாள். சுண்ணாம்பு தண்ணீரில்தான் இறுகும் என்று சொன்னாள், காலில் விழுந்தும் சொன்னாள். தளபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. “கொத்தனே செவத்துக்குள்ள மாட்டிக்கிட்டான், அவன் பொண்டாட்டி எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா” என்று பக்கத்தில் இருந்தவர்களைச் சிரிக்க வைத்தார். தண்ணீர் சுமந்தவர்கள் பாவப்பட்டு அந்த இடத்தில் மட்டும் குறைத்து ஊற்றினார்கள். மேற்பார்வைக்காரன் கண்டுபிடித்து அடித்தான். பிறகு குறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் குரல் மிகவும் மெலிந்திருந்தது. “கையை உள்ள இழுத்துக்கட்டுமா, வெளியவே விட்டுடட்டுமா? இப்பவே சொல்லு. நாளைக்கு ரெண்டும் முடியாது.”

“வெளியவே இருக்கட்டும்.”

“உள்ள இழுத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்டி.”

“தெரியும். வெளியவே இருக்கட்டும்.”

அது சுயநலம்தான். நாமாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். மறுநாள் குரல் நின்றது. கை சூடு ஆறவில்லை, ஆனால் வைத்த சாப்பாடு வைத்தபடியே இருந்தது.

அடுத்த மாதம் கப்பல்கள் திரும்ப வந்தன. மற்றச் சுவர்களைப் போலவே கல்லாகிவிட்ட வடக்குச் சுவர் ஏழாவது குண்டில் பிளந்தது. மதியத்துக்குள் கோட்டை கைமாறியது. தளபதியை ஒரு படகில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பிவைத்தார்கள். கை இருந்த பத்து முழம் மட்டும் இடியாமல் நின்றது. புதிய தளபதி நல்ல மனிதர். அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டுத் தன் கட்டடக்காரரை அனுப்பினார். அவர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மூலைக் கொத்தளமும் வெடிமருந்து அறையும் இந்தத் துண்டின் பலத்தில்தான் நிற்கின்றன, வெட்டினால் எல்லாம் சரிந்துவிடும் என்று கையை விரித்துவிட்டார். இரண்டு பக்கமும் புதுச் சுவர் எழுப்பி அதோடு இணைத்தார்கள். காவலுக்கு வந்த சிப்பாய்கள் கொஞ்ச நாள் நனைந்த தொப்பிகளைக் கையில் மாட்டிக் காயவைத்தார்கள். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்ததில் அந்தப் பழக்கம் விட்டுப்போனது. நான்கு ஆண்டு கழித்து அவள் செத்துப்போனாள்.

மகள் இப்போது கீழே துறைமுகத்தில் வலை பின்னுகிறாள். மாதம் இரண்டு முறை படியேறி வந்து நகம் வெட்டிவிடுகிறாள். அவள் உட்காருவதற்குச் சிப்பாய்களே ஒரு முக்காலி போட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு விரல் முடிந்ததும் அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கை அடுத்த விரலை நீட்டுகிறது.