வெடித்த குழல்

விடியுமுன்பே, எங்கள் அரிசி ஆலையை ஒட்டிய பசுண்டாங் கால்வாயில் நெல் படகுகள் வந்து முட்டின. வழுக்கும் பலகையில் ஏறி இருபது மூட்டை இறக்குவதற்குள் என் கழுத்துத் தோல் எரிந்தது. ஆலைக் கணக்கர் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த மனுஷன் சிரித்தாலே நான் உஷாராகிவிடுவேன்.

"என்ன சபாபதி, வெடிச்ச துப்பாக்கியில ஒரு துண்டைக் காணோமாம். பாத்தியா?"

"மூட்டையைப் பாக்கவே நேரமில்லை, ஐயா."

துண்டு என் தூக்குச்சட்டியில்தான் கிடந்தது.

மூன்று நாளைக்கு முன் காவல்காரர் ரெங்கசாமி, நெல் திருடர்களை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டார். முதலாளி புதிதாக வாங்கிக் கொடுத்த துப்பாக்கி. குழல் வெடித்து இடக்கையில் மூன்று விரல் போயிற்று. அவர் குழலில் மண் அடைய விட்டாராம்! முதலாளியும், துப்பாக்கி விற்ற அவர் மச்சானும் ஒரே வாயாகச் சொன்னார்கள். நஷ்டஈடு கிடையாது; ரெங்கசாமி நாளைக் கப்பலில் ஊருக்குப் போய்விட வேண்டும். அந்தப் பேச்சை நம்பாமல்தான் சிதறிக் கிடந்த குழல் துண்டு ஒன்றை நான் எடுத்து வைத்திருந்தேன்.

சாப்பாட்டு வேளையில், ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் முகைதீன் நான் நீட்டிய சட்டிக்குள்ளேயே துண்டைத் திருப்பிப் பார்த்தார். காலையில் கணக்கர் அவருக்குச் சுருட்டு கொடுத்ததைக் கவனித்திருந்தேன். அவரும் அந்தப் பக்கமோ என்ற சந்தேகத்தில் என் கை சட்டியைவிட்டு நகரவில்லை.

"மண்ணாவது, மசிராவது! பழைய விரிசலைப் பித்தளை வச்சு ஒட்டி, மேல கறுப்பு பூசியிருக்கான். தெரிஞ்சே வித்திருக்கானுங்க, பாவிங்க."

முதலாளி காசிவிசுவநாதன் அதற்குள் வந்து நின்றார். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"லைசென்சு என் பேருல இருக்கு. துப்பாக்கித் துண்டை வச்சிருக்கிறவன் ஜெயிலுக்குப் போவான். யார்கிட்ட இருக்கு?"

முகைதீன் என்னைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"என்கிட்ட இருக்கு, முதலாளி," என்றார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. "இல்லை, என்கிட்ட!" என்று எழுந்தேன். பின்னால் இன்னும் பத்துக் குரல்கள் எழுந்தன.

உமி கூட்டிக்கொண்டிருந்த தைலம்மாள், ரெங்கசாமியின் மனைவி, ஒரு காலிச் சாக்கை உதறி விரித்தாள்.

"இதுல வைங்கண்ணே. ஒளிச்சு வச்சாத்தானே குத்தம்? கோர்ட்டுக்கே கொண்டு போவோம். செஞ்சவனும் வித்தவனும் அங்க வந்து பதில் சொல்லட்டும்."

"எல்லாரையும் உள்ள தள்ளிருவேன்!" என்று முதலாளி கத்தினார்.

"தள்ளுங்க. அப்புறம் மூட்டையை யாரு இறக்குவா, உங்க மச்சானா?" என்றேன்.

நான் துண்டைச் சாக்கில் போட, பல கைகள் சேர்ந்து அதைப் பிடித்துத் தூக்கின. துண்டு யாரிடம் இருக்கிறது என்று இனி எந்தப் போலீசாலும் சொல்ல முடியாது. நீதிபதி என்ன சொல்வாரோ, எங்களுக்கும் தெரியாது. ஆலை வாசலில் இடக்கையில் கட்டோடு காத்திருந்த ரெங்கசாமி எங்களைப் பார்த்து எழுந்தார். வலக்கையால் சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எங்களுடன் கோர்ட்டுக்கு நடந்தார்.