கூடுதல் பட்டைகள்

முன் சக்கரங்களின் பிரேக் பேடுகள் மூன்றாம் முறையாகத் தேய்ந்து இரும்பு தெரிந்த அன்று, வண்டியை இனி நான் ஓட்டக்கூடாது என்று என் கணவர் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை அவர் என்னிடம் கூறவில்லை; என் அண்ணனிடம் கூறினார். நானோ அவ்விருவருக்கும் நடுவே, ஜாக்கியின் மீது ஏறி நின்ற பிக்கப்பின் அருகில், கழற்றிய பேடைக் கையில் ஏந்தி நின்றுகொண்டிருந்தேன்.

"மச்சான், இன்னைக்கு லோடுலேர்ந்து தம்பியே ஓட்டட்டும்."

"அதுதான் நல்லது மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "நானும் எத்தனை தடவைதான் பேடு மாத்துறது? இவ பிரேக் மேல கால வச்சா எடுக்கவே மாட்டேங்கிறா. இவ காலுக்குக் கருங்கல்லுலதான் பேடு செஞ்சு போடணும்."

இருவரும் சிரித்தனர். கணவரின் தம்பியும் உடன் சிரித்தான். அவன் ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். வேகமாக ஓட்டுவான் என்பதனால் அவனை எல்லாரும் ஜெட் என்று அழைப்பார்கள். இப்பெயரை வைத்தவனும் அவனே.

"அண்ணி, கவலைப்படாதீங்க. நான் ஓட்டினா பிரேக்குக்கு வேலையே இருக்காது."

"தெரியும். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குத்தான் வேலை" என்றேன். இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் டைல்ஸ் கிடங்கு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அண்ணனின் பட்டறை அதே சுவருக்கு மறுபுறம். கடைகள் யாவும் கீழே. ஆதலால் எங்கள் வண்டி பாரத்தோடு இறங்கும், காலியாக ஏறும். ஏனைய வண்டிகளுக்கு ஏற்றம் துன்பம். எங்களுக்கு இறக்கமே துன்பம். கிடங்கு திறந்த நாள்முதல் அவ்விறக்கத்தில் வண்டியை நடத்தி வந்தவள் நான். என் கணவருக்கு வண்டி ஓட்ட வராது. ஓட்டுவதைப் பற்றிப் பேச வரும். அவ்விருக்கை எனக்குப் பொழுதுபோக்கு அன்று. அது என் தொழில். அதை விட்டு இறங்கினால், கிடங்கின் மூலையில் உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டு, வருகிற தொலைபேசிக்குப் பதில் கூறிக்கொண்டு என் வாழ்நாளைக் கழிக்க வேண்டியதுதான்.

இத்தீர்ப்புக்குக் காரணம் முந்திய நாள் நிகழ்ச்சி. முழுப் பாரத்தோடு இறங்குகையில், கடைசி வளைவுக்கு மேலே, பிரேக் மிதி என் காலின் கீழ் பஞ்சு போல் அமுங்கியது. வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். வீடு திரும்பி இதனை விவரித்தபோது, மிதி அமுங்கியது என்பதை எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வண்டிய அவளால பிடிக்க முடியல" என்பதே அவர்களுக்குக் கேட்டது.

எனினும், அந்த மண்மேட்டின் அருகில் நான் கண்டதை அவர்கள் காணவில்லை. இறங்கிப் பார்த்தபோது முன் சக்கரங்கள் இரண்டும் புகைந்துகொண்டிருந்தன. அருகே செல்ல இயலாத சூடு. பின் சக்கரத்துக்குச் சென்றேன். முதலில் கையைத் தள்ளிப் பிடித்தேன்; பிறகு பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம்மின் மீதே வைத்தேன். சூடே இல்லை. அதன் மேல் படிந்திருந்த தூசு கூட அப்படியே இருந்தது. பிழை என் காலுடையது என்றால், என் கால் எந்தச் சக்கரம் என்று பார்த்தா மிதிக்கும்? மிதி ஒன்றுதான். அது நான்கு சக்கரங்களையும்தான் பிடிக்கச் சொல்கிறது. இரண்டு கேட்டிருக்கின்றன, இரண்டு கேட்கவில்லை.

பட்டறையில் நின்றபடி இதை அண்ணனிடம் கூறினேன்.

"முன் சக்கரம்தான் அதிகமா உழைக்கும். பாதிக்கு மேல அதுதான் பிடிக்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"பாதிக்கு மேலன்னா, மீதி எங்கண்ணா போச்சு?"

"பட்டறை வச்சிருக்கிறது நானா நீயா?"

"நீங்கதான். வண்டியில உயிரோட உக்காந்து போறது நான்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையின் முன்னால் தங்கை இப்படிப் பேசலாமா? என் வாயை அடைப்பதற்காகவே பின் சக்கரத்தைக் கழற்றினார். சுத்தியலால் தட்டி டிரம்மை உருவினார். உள்ளே டிரம்மை உரசி நிறுத்த வேண்டிய பிரேக் ஷூக்கள் இரண்டும், வாங்கிப் பூட்டிய நாளில் இருந்த தடிமன் குறையாமல் இருந்தன.

அண்ணனின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை! நான் மாட்டினது. அப்படியே புதுசு மாதிரி இருக்கு. இதுக்குப் பேருதான் வேலை."

"சும்மாவா மச்சான், நீங்க கை வச்சா வச்சதுதான்" என்று என் கணவர் தலையாட்டினார்.

அக்கணத்தில் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒருவர் தவற்றைத் தூக்கிப் பதக்கம் போலக் காட்டுகிறார். மற்றொருவர் அதற்குக் கை தட்டுகிறார்.

"அண்ணா, தேயலைன்னா அது வேலையே செய்யலைன்னு அர்த்தம்! வேலைக்கே போகாதவன் சட்டை அழுக்காகுமா? முன்னாடி மூணு தடவை தேஞ்சிருக்கு. பின்னாடி ஒரு தடவை கூடத் தேயல. இதுல என்ன பெருமை?"

ஜெட் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான். அண்ணன் டிரம்மை மீண்டும் பூட்டி, ஜெட்டை மிதியை அழுத்தச் சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றினார். சக்கரம் நின்றது.

"பிடிக்குதே! இதோ பாரு, பிடிக்குதே!"

"கையால சுத்துற சக்கரத்த என் வளையல் கூடப் பிடிச்சு நிறுத்தும்ணா. முழு லோடோட ஓடுற சக்கரத்தப் பத்திப் பேசுங்க."

அதன் பின்னர்தான் அவர் மெய்யாகவே தேடத் தொடங்கினார். சிலிண்டரில் கசிவு இல்லை. குழாயில் அடைப்பு இல்லை. பிரேக் எண்ணெய் மட்டும் கருகிக் கருத்திருந்தது. முன் சக்கரச் சூட்டில் அது கொதித்ததனால்தான் மிதி அமுங்கிற்று என்றார். அது முன்பக்கத்தின் கதை. பின்பக்கம் ஏன் உழைக்கவில்லை என்பதற்கு அவரிடம் விடை இல்லை. ஒரு சாக்கை விரித்து வண்டியின் அடியில் நுழைந்தார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரருகில் நுழைந்தேன்.

பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே சென்று, சட்டத்தில் பொருத்திய ஒரு சிறு வால்வைப் பற்றியிருந்தது.

"இந்தக் கம்பி எதுக்கு?"

"அதுவா" என்றார் அண்ணன், கைவிளக்கின் ஒளியை வேறெங்கோ பாய்ச்சியபடி. "பின்னாடி பாரம் எவ்வளவுன்னு வால்வுக்குச் சொல்றது. வண்டி காலியா இருந்தா பின் சக்கரத்துக்குப் பிரஷர் கம்மியா விடும். இல்லன்னா மழையில சக்கரம் சுத்தாமப் பூட்டிக்கிட்டு வழுக்கிடும். லோடு ஏறினா வண்டி பின்னாடி கீழ இறங்கும்ல, அப்ப கம்பி வால்வத் தள்ளும், பிரஷர் தானா..."

அங்கே நிறுத்தினார். விளக்கு மெல்ல ஸ்பிரிங்கின் பக்கம் திரும்பியது.

பிக்கப்பின் பின்புறத்தைத் தாங்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். எங்கள் வண்டியில் அவ்வடுக்கின் நடுவே, மற்றவற்றைக் காட்டிலும் கருமை குறைந்த கூடுதல் பட்டைகள் இருந்தன. அவற்றைச் செருகியவர் என் அண்ணன். செருகச் சொன்னவர் என் கணவர். அளவுக்கு மீறி டைல்ஸ் ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிடும். சோதனைச் சாவடியில் நிற்பவர்கள் அத்தாழ்வைக் கண்டே கை காட்டி நிறுத்துவார்கள். ஆகவே எவ்வளவு ஏற்றினாலும் தாழாத வண்டியாக அதை மாற்றினார்கள். மாற்றிவிட்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். உலகத்தை ஏமாற்றுவதற்குச் செய்த வேலை முதலில் வால்வை ஏமாற்றியிருக்கிறது. பாரம் ஏறியும் பின்புறம் இறங்காததனால், வண்டி எப்போதும் காலி என்றே அந்த வால்வு எண்ணிக்கொண்டிருந்தது. முழுச் சுமையையும் முன் சக்கரங்கள் மட்டுமே பிடித்துப் பிடித்துக் கருகின. பேடுகள் தேயத் தொடங்கியதும் அப்போதிருந்துதான்.

அண்ணன் என் பக்கம் திரும்பாமல், தாழ்ந்த குரலில் பேசினார்.

"சத்தம் போடாத பாப்பா. கம்பிய லேசா வளைச்சு விட்டுடறேன். பிரஷர் ஏறிடும். மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம்."

"காலியா மேல வரும்போது?"

"மெதுவா வந்தா ஒண்ணும் ஆகாது."

"மழையில?"

அவர் கம்பியை வளைக்கக் கையை நீட்டினார்.

"பட்டையப் போட்டது நீங்க ரெண்டு பேரும். பழியப் போட்டது என் கால் மேல. இப்ப அதையும் பூசி மெழுகப் பாக்கறீங்க. வெளிய வாங்க."

நான் வெளியே வந்து, கேட்க வேண்டியவர்களுக்கும் கேட்க வேண்டாதவர்களுக்கும் கேட்கும்படி அனைத்தையும் உரைத்தேன். அடுத்த பட்டறையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து வாசலில் நின்றார். என் கணவரின் முதல் கேள்வி என் உயிரைப் பற்றியதன்று.

"பட்டையக் கழட்டினா முழு லோடு எப்படிப் போகும்?"

"போகாது."

"கடைக்காரர் இன்னைக்கே வேணுங்கிறாரே."

"ரெண்டு நடையாப் போகும்."

"இன்னைக்கு ஒரு நாள் இப்படியே போகட்டும். தம்பி ஓட்டட்டும். நாளைக்குக் கழட்டிக்கலாம்."

நான் ஜெட்டைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே இருக்கையை விட்டு இறங்கி, கதவைச் சத்தமின்றிச் சாத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஜெட்டுன்னு பேருதான். எனக்கு றெக்கை கெடையாது."

"டேய், நீதானே பிரேக்கே வேணாம்ன?"

"வேணாம்னா மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். இல்லாமலே போறேன்னு எப்ப சொன்னேன்?"

பஞ்சர்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார், அவர் ஏதேனும் மாற்றுச் சொல்வார் என்று. அண்ணன் ஒரு ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஏதுமில்லை.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. என் கால் தப்பா, உங்க பட்டை தப்பா?"

"பட்டைதான்" என்றார் ஸ்பேனரிடம்.

"யாருக்குக் கேட்டுச்சு?"

"பட்டைதான்டி! போதுமா?"

போதவில்லை. ஓராண்டாக இதே பட்டறையில், வந்து போகிற வாடிக்கையாளர் முன்னிலையில் எல்லாம், என் கால் எவ்வளவு பெரியது என்று நகைத்தவர்கள் இவர்கள். ஒரு சொல்லால் அது தீராது. ஆயினும் அப்போது எனக்குச் சொல்லைவிட வேலை தேவைப்பட்டது.

"அப்பக் கழட்டுங்க" என்றேன். "நான் இங்கயே நிக்கிறேன்."

நின்றேன். பட்டைகளை இறுக்கியிருந்த யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, கூடுதல் பட்டைகளை உருவித் தரையில் போட்டார்; அவை விழுந்த ஓசை எனக்கு இனித்தது. பழைய பட்டைகளை மட்டும் அடுக்கி மீண்டும் முடுக்கினார். வால்வுக் கம்பியை அதற்குரிய நிலையில் வைத்தார். முன்புறத்தில், பேடுகள் கவ்விப் பிடிக்கிற, சூட்டினால் நீலம் பாய்ந்திருந்த டிஸ்க்குகளையும் மாற்றச் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" என்று தொடங்கியவர் என் முகத்தைக் கண்டு புதியவற்றை எடுத்து வந்தார். புதிய பேடுகள் ஏறின. கருகிய எண்ணெய் முழுவதையும் வெளியேற்றி, புதியது ஊற்றி, காற்றுக் குமிழி நிற்கும் வரை மிதியை நானே அழுத்தி அழுத்தி விட்டேன். இப்போது மிதி கல்லைப் போல் நின்றது.

கிடங்கு வாசலில் பாரம் ஏற்றினார்கள். வழக்கத்தில் பாதியளவு ஏறியதுமே வண்டியின் பின்புறம் மெல்லத் தாழ்ந்தது. என் கணவரின் முகமும் தாழ்ந்தது.

"வண்டி உக்காந்துடுச்சே."

"பாரம் ஏத்தினா உக்காரும். உக்காரணும்."

"பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"வண்டியில டைல்ஸ் இருக்குன்னு நினைப்பாங்க. போதும், ஏத்தாதீங்க."

அவர் இன்னொரு பெட்டியைத் தூக்கியவாறே சற்று நின்று, பின் அதைக் கீழே வைத்தார். தாமும் உடன் வருவதாகக் கூறி எனக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். கதவின் மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டதை நான் கவனியாதவள் போல் இருந்தேன்.

இறக்கத்தின் நடுவில், வளைவைக் கடந்தவுடன், ஒரு லாரி குறுக்கே பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. நான் மிதித்தேன். வண்டி முன்புறம் மட்டும் தரையை நோக்கிக் குத்தும் பழைய உதறல் இல்லை. நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பிடித்தன. வண்டி எருமையைப் போல் சாலையில் அசையாமல் நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் இடையே ஒருவர் நிதானமாக நடந்து செல்லத் தக்க இடம் இருந்தது.

என் கணவர் பெருமூச்சு விட்டார். கைப்பிடியை விட்டார். பின்னர், மனம் நிறைந்து, இவ்வாறு கூறினார்:

"என்ன சொல்லு, மச்சான் கை வச்சா வச்சதுதான்."

லாரி விலகிச் சென்றது. நான் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தேன்.

"எறங்குங்க."

"என்ன?"

"எறங்குங்கன்னேன்."

"இங்கயா? பாதி வழியிலயா?"

"இறக்கம்தான். நடக்கச் சுலபமா இருக்கும்."

விளையாட்டு என எண்ணிச் சிரித்தார். என் பக்கம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கடைசி முயற்சியாகக் கேட்டார்:

"கடையில லோட யாரு எறக்குவா?"

"நீங்கதான். அதுக்குள்ள நடந்து வந்துடுவீங்க. நான் மெதுவாத்தான் போவேன்."

அவர் இறங்கினார். கதவைச் சாத்தும் வரை காத்திருந்து, இரண்டாம் கியரில் வண்டியைச் செலுத்தினேன்.