விருந்தாளிப் படை

கேப்டன் பிராம்லி காப்பிக் கோப்பையை வாயருகே கொண்டுபோய், முகர்ந்து பார்த்து, ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் பாயின்மேல் வைத்தார். சத்தமே இல்லை. ஆனால் மாமாவின் நாணல் மண்டபத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகச் சம்மணமிட்டிருந்த நூறு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். எங்கள் ஆட்கள் துஆ ஓதி முடிக்கும்போதுகூட அப்படி ஒரே நேரத்தில் வாயை மூடியதில்லை. காப்பி ஊற்றுகிற ஆள் கூஜாவைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டான்.

எங்கள் அமாரா பக்கத்தில் விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவன் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுக்கிற வரை அவன் கோப்பையைத் தொட மாட்டான். வாக்குக் கொடுக்காத வீட்டுக்காரன் அதற்கப்புறம் எந்தச் சபையிலும் தலை நிமிர முடியாது. கொலைப்பழி தீர்ந்திருக்கிறது, கல்யாணம் நடந்திருக்கிறது, வாய்க்கால் திசை மாறியிருக்கிறது, எல்லாம் இந்த ஆறிப்போன காப்பியை வைத்துத்தான். கேப்டனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கசப்பு வாசனை பிடிக்கவில்லை, வைத்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

மொழிபெயர்க்க நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். மாமா முத்தஷர் எங்கள் குலத்துக்கு ஷேக். பழைய ஆட்சி விழுந்ததும் ஊர்க்காரர்கள் ஹுசைனியா என்கிற எங்கள் வழிபாட்டு மண்டபத்தில் கூடிக் கைதூக்கித் தேர்ந்தெடுத்த ஊர்ச்சபைக்கும் அவர்தான் தலைவர். ஷியாக்கள் எங்களை நாங்களே ஆளப்போகிறோம் என்று அன்றைக்கு நான் தொண்டை கட்டுகிற வரை கத்தினேன். சபையின் முதல் இரண்டு மாதம், யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்பதிலேயே போனது. மூன்றாவது மாதம்தான் உருப்படியாக ஒரு தீர்மானம் வந்தது: பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மணல்மூட்டை அடுக்கிக் குடியிருக்கிற வெளிநாட்டுப் படையைக் காலி செய்யச் சொல்வது. என் தங்கை இப்திஹாலுக்கு மூன்று வாரத்தில் பொதுத்தேர்வு. பள்ளி கிடைக்காவிட்டால் தேர்வு அமாரா நகரத்துக்கு மாறிவிடும். தேர்வு முடிகிற வரை அங்கேதான் தங்க வேண்டும். வயசுப்பெண் வெளியூரில் தங்கக் கூடாது என்று அப்பா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்படியானால் அவள் படிப்பு அதோடு சரி. மருத்துவக் கல்லூரி என்று அவள் கட்டிவைத்திருந்த கோட்டைக்கெல்லாம் இந்தத் தேர்வுதான் வாசல். அதைப் பேசத்தான் கேப்டனைக் காப்பிக்கே கூப்பிட்டிருந்தோம்.

நான் மாமாவின் காதில் குனிந்தேன். "மாமா, அவருக்குக் கசப்பு ஒத்துக்கல. வேற ஒண்ணுமில்ல. கண்டுக்காம விட்டுடுங்க."

"நீ கண்டுக்காம விட்டுடுவ. நூறு பேரு பாத்துட்டாங்கடா."

எதிர்வரிசையில் ஜெனரேட்டர் சபூரி தொண்டையைச் செருமினான். தெருவுக்கெல்லாம் மின்சாரம் விற்கிறவன் அவன். சபையில் மாமாவுக்கு எதிர்க்கட்சியும் அவன் ஒருவன்தான். "ஷேக், காப்பி ஆறுது. நம்ம வீட்டு வழக்கம் மாறிடுச்சுன்னா சொல்லிடுங்க, நாங்களும் மாத்திக்கிறோம்."

மாமாவின் மீசை துடித்தது. "குடிங்க கேப்டன். அப்பாஸ் மேல ஆணையா சொல்றேன், நீங்க எது கேட்டாலும் அது உங்களுக்கு."

எங்கள் புனிதத் தியாகி அப்பாஸ் பெயரில் போட்ட சத்தியத்தைத் திரும்ப எடுத்தவன் எங்கள் பக்கத்தில் உயிரோடு இல்லை. கேப்டன் என்னைப் பார்த்தார். உங்களுக்கு என்ன வேண்டுமென்று கேட்கிறார் என்றேன். வேறு எப்படிச் சொல்ல? அவர் முகம் மலர்ந்துவிட்டது. வந்து நான்கு மாதமாகச் சந்தையில் ஒரு தக்காளியைக்கூட யாரும் அவரிடம் சிரித்துக்கொண்டு விற்றதில்லை, பாவம்.

"ரொம்ப நன்றி. பள்ளிக்கூடத்துல நாங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். எங்க பசங்களுக்கு ஒரு ஆபத்தும் வராம நீங்க பாத்துக்கணும். அவ்வளவுதான்."

நான் மொழிபெயர்த்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். "தந்தேன்" என்றார். கேப்டன் மரியாதைக்காகக் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நூறு பேரில் ஒருவனும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் நான் கால் வைக்கும் முன்பே இப்திஹாலுக்குச் செய்தி போயிருந்தது. உயிரியல் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக, நூறு ஆம்பளைங்க சேந்து போயி, ஒரு வாய் காப்பிக்கு என் பரிட்சைய வித்துட்டு வந்திருக்கீங்க."

"வழக்கம் அப்படிம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"உன்ன நாட்டை ஆளச் சொல்லி யாருண்ணா கேட்டா? ஒரு பள்ளிக்கூடத்துச் சாவிய வாங்கத் துப்பில்ல. நீயெல்லாம் ஹுசைனியாவுல கையத் தூக்கின."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஆணியில் தொங்கிய அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "வழக்கம்தான? வா. அத முழுசா கேட்டுட்டு வருவோம்."

மாமா முற்றத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்திஹால் அவர் எதிரில் நின்றாள்.

"மாமா, நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்தா எங்க தங்க வைப்பீங்க?"

"விருந்தாளி ரூம்ல."

"சமையல்கட்டுல, பொம்பளைங்க இருக்கிற பக்கத்துல தங்க வைப்பீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"அப்போ பதினாலு கிளாஸ் ரூமையும் அவங்க எப்படி எடுத்துக்கலாம்? ஒண்ணு குடுங்க. அப்புறம், உங்க காவல்ல இருக்கிறவன் துப்பாக்கியத் தூக்கிட்டுத் தெருத்தெருவா சுத்தினா யாருக்கு அசிங்கம்? நீங்க காப்பாத்த மாட்டீங்கன்னு அவனே ஊருக்குச் சொல்ற மாதிரி இல்ல?"

மாமா தலையிலிருந்து கையை எடுத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், கொட்டிலில் எருமை எழுந்து நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் எங்கள் குலத்தில் அறுபது பேர் துப்பாக்கியோடு பள்ளியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கேப்டன் முதலில் முற்றுகை என்று நினைத்து மணல்மூட்டைக்குப் பின்னால் படுத்தார். நான் வெள்ளைத் துண்டை ஆட்டிக்கொண்டு உள்ளே போய், இது காவல், நீங்கள் கேட்டதுதான் என்றேன். பின்னாலேயே ஏழு தட்டுச் சோறும் ஆடும் வந்தன. சாயங்காலம் சிப்பாய்கள் ரோந்து கிளம்பினார்கள். சபூரி வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டான். "எங்க போறீங்க? என்ன வேணும்? சொல்லுங்க, நான் வாங்கிட்டு வரேன்." ரோந்து என்றால் வாங்கிவருகிற பொருள் இல்லை என்று விளக்கினேன். "அதையும் நானே போயிட்டு வரேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எழுந்த இடத்தில் அவன் தம்பி படுத்துக்கொண்டான்.

ஒவ்வொரு வகுப்பறையாக விருந்தாளிகளை நகர்த்தினோம். கெஞ்சி, கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, பெட்டிகளை நாங்களே சுமந்தோம். கேப்டன் மறுத்துப் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது அதில் பேரீச்சம்பழத்தைப் போட்டார்கள். ஒரு வாரத்தில் முப்பது சிப்பாய்களும் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே அறைக்குள் வந்துவிட்டார்கள். மற்ற அறைகளில் பெண்கள் பெஞ்சு துடைத்தார்கள். கல்வி அதிகாரி வந்து பார்த்தார், சிப்பாய்களைக் கண்டு முகம் சுளித்தார், மாமாவைக் கண்டு முகத்தைச் சரிசெய்துகொண்டார். தேர்வு இங்கேயே என்று எழுதிக் கொடுத்தார்.

படையின் மேலிடம் வாரம் தவறாமல் கேப்டனிடம் ரேடியோவில் ஒரே கேள்வியைக் கேட்கும்: அந்த ஊர் தன்னைத் தானே ஆளத் தயாரா? இன்னும் இல்லை என்பதே அவருடைய வழக்கமான பதில். அந்த வாரம் அவர் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். சபூரியின் ஆட்கள் தெருமுனையில் லாரி சோதித்துக்கொண்டிருந்தார்கள். மாமா இரண்டு குடும்பங்களின் தண்ணீர்த் தகராறைப் படிக்கட்டில் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை ஒரு சார்ஜெண்டைக் காலணியோடு வராந்தாவில் நடந்ததற்காகத் திட்டிக்கொண்டிருந்தார்.

"தயாரா இருக்காங்க சார்" என்றார் கேப்டன். கொஞ்சம் யோசித்தார். "தேவைக்கு மேலயே."

மேலிடம் அதை எப்படி எடுத்துக்கொண்டதோ, முதல் தேர்வன்று காலையில் உத்தரவு வந்தது: பத்து மணிக்குள் ஊரைவிட்டு வெளியேறி முகாமுக்குத் திரும்பவும். கேப்டன் சந்தோஷத்தில் மூட்டை கட்டினார். நான்கு ஜீப்புகளும் முற்றத்தில், தேர்வு அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றன. உள்ளே கேள்வித்தாள் கொடுத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஓட்டுநர் சாவியைத் திருகினான். ஒரு முறை உறுமியதுதான் தாமதம், மாமா ஓடிவந்து சூடான பானட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றிவிட்டார்.

"அணைக்கச் சொல்லு. புள்ளைங்க எழுதுது."

கேப்டன் கடிகாரத்தைக் காட்டினார். "உத்தரவு. பத்து மணி."

"மதியம் போகட்டும். ஆடு வேற அடுப்புல இருக்கு."

"மாமா, அவங்கள வெளிய போகச் சொல்லித்தான நாம கேட்டோம்" என்றேன்.

"போக வேணாம்னு நான் எப்படா சொன்னேன்? சத்தம் போடாம போகச் சொல்லு."

கேப்டன் ரேடியோவை எடுத்து, அதற்குள் கிட்டத்தட்டத் தலையை நுழைத்து, கிசுகிசுவென்று மேலிடத்துக்கு விளக்க முயன்றார். இல்லை சார், எதிரிகள் இல்லை. இல்லை, தடுத்து வைக்கவில்லை. தேர்வு நடக்கிறது. உயிரியல், சார். மறுபக்கத்தில் யாரோ கத்தினார்கள். தலைமையாசிரியை ஜன்னல் வழியாக விரலை உதட்டில் வைத்துக் கேப்டனை முறைத்தார். அவர் ரேடியோவை அணைத்துவிட்டார்.

முதலில் தோள் கொடுத்தது சபூரி. கியரை எடுக்கச் சொல்லி ஓட்டுநருக்குச் சைகை காட்டிவிட்டு, ஜீப்பின் பின்னால் போய் முதுகை வைத்து அழுத்தினான். அவனுக்குப் பக்கத்தில் மாமா. பிறகு எங்கள் ஆட்கள். ஒரு சிப்பாய் துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான், பின்னாலேயே சார்ஜெண்டும் வந்தார். கேப்டன் தொப்பியைக் கழற்றி உள்ளே எறிந்துவிட்டு என் தோளை ஒட்டி நின்று தள்ளினார். வண்டி அசையவில்லை. பிறகு அசைந்தது. மணலில் டயர் நறநறவென்றது. எல்லோரும் பயந்துபோய் நிறுத்தினோம், ஜன்னலைப் பார்த்தோம், மெதுவாக மறுபடியும் தள்ளினோம்.

இப்திஹால் ஜன்னலோரத்தில் இருந்தாள். வெளிநாட்டுப் படை, ஓர் ஊர்ச்சபை, அறுபது துப்பாக்கிகள், மூச்சுத் திணறத் திணற, முகம் சிவக்கச் சிவக்க அவளுக்கு ஒரு கை தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்தோம். முகத்தில் விழுந்த முக்காட்டை ஒரு விரலால் ஒதுக்கினாள். நிமிரவில்லை. விடைத்தாளைத் திருப்பி, அடுத்த பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.