வாசல் பெஞ்சில் ஒரு பிழை

கணினித் திரையில் கோடும் வட்டமும் வரைந்து தரும் நிரல்களை எழுதுகிற அந்த அலுவலகத்தில், பிழைகள் நேரில் வந்துதான் தகவல் சொல்லும். அதற்காகவே வாசலில் ஒரு பெஞ்சு உண்டு.

மற்றவர்கள் நிரலில் செய்த மாற்றங்களைப் படித்து ஒப்புதல் தருவது சாந்தாமணியின் வேலை. அன்று சென்னியப்பனின் மாற்றம் வந்தது. பதினான்கு வரி. கூடவே அதைச் சோதித்துப் பார்க்க ஒரு டெஸ்ட். கூடவே வலது கை இல்லாத சென்னியப்பன்.

"கை எங்கப்பா?"

"டெஸ்ட் பாஸ் ஆயிருச்சுங்க்கா."

"நான் கையக் கேட்டேன்."

"பச்சையாத்தான் காட்டுதுங்க. நீங்க ஓகே சொன்னா நாலு மணி ரிலீஸ்ல சேத்திரலாம்."

பேசப்பேச முழங்கையும் போயிற்று. இந்த வேகத்தில் நாலு மணிக்கு ஆளே மிஞ்சமாட்டான்.

சாந்தாமணி டெஸ்டைப் படித்தாள். ஆரம் கழித்தல் ஐந்து என்று ஒரு வட்டம் கேள். அப்படியொரு வட்டம் கிடையாது, பிழை வந்தாக வேண்டும். வந்தால் கதவைச் சாத்து. பச்சை.

"பிழை வராட்டி?"

"அதுக்கும் பச்சைதானுங்க. தொந்தரவே இல்லீங்க்கா."

அவள் மடிக்கணினியோடு வாசலுக்கு நடந்தாள். காலையில் முப்பதடி இருந்த நடைபாதை இப்போது ஒன்றேமுக்கால் மைல். பாதி வழியில் உட்கார்ந்து தயிர்சாதத்தை முடித்துக்கொண்டாள்.

பெஞ்சில் பிழை இருந்தார். ஒன்பது நாள் தாடி.

"கதவத் தட்டலீங்களா?"

"தட்டாமயா? உங்காளு தொறந்து மூஞ்சியப் பாத்தாப்ல. 'சேரி, வந்தாச்சு'ன்னு சாத்திப்போட்டாப்ல. எதுக்கு வந்தேன்னு கேக்கோணுமா இல்லையா?"

சாந்தாமணி நின்றபடியே டெஸ்டில் இரண்டு வரி சேர்த்தாள். பிழை வராவிட்டால் சிவப்பு. வந்தால், என்ன சொல்கிறார் என்று கேள்.

திரும்பும்போது நடைபாதை மூன்றே எட்டு. பிழை உள்ளே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஆரம் கழித்தல்ல இருக்குதுங்க. வட்டம் உள்பக்கமா விழுகுது. வரைஞ்சவன் கையையும் சேத்து இழுக்குது."

சொல்லி முடித்ததும் தாடி உதிர்ந்தது.

"நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க," என்றான் சென்னியப்பன், தலை குனிந்தபடி. தன் பதினான்கு வரியிலிருந்து அந்த வட்டத்தை நீக்கினான்.

முதலில் முழங்கை வந்தது. பிறகு கை. உள்பக்கமாகப் போய் வந்ததால், அதுவும் இடது கையாகவே வந்தது. தட்டச்சுச் செய்து பார்த்தான். முன்பைவிட வேகம்.

சாந்தாமணி ஒப்புதல் தந்து, கீழே ஒரு குறிப்பு எழுதினாள்: "கை வேலை செய்கிறது. கட்டைவிரல் மட்டும் திசை மாறியிருக்கிறது. அவசரமில்லை, அடுத்த மாற்றத்தில் பார்க்கலாம்."

சென்னியப்பன் படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். அது தரையைப் பார்த்தது. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.