பன்னுவின் குளம்புகள்

என் மனைவியின் அண்ணனுக்குப் பித்தப்பையில் கல் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. எட்டு மாடுகளையும் நாற்பது கோழிகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். பத்து நாளைக்கு அவருடைய பண்ணையில் யாராவது இருக்க வேண்டும்.

"கடையை நான் பாத்துக்குறேன், நீங்க போங்க," என்றாள் மனைவி. "மாடு மிதிச்சிடாம பாத்துக்குங்க. முக்கியமா நீங்க மாட்டை மிதிச்சிடாதீங்க, அது தாங்காது."

முப்பது வருடமாக ரொட்டி சுட்டு, சுட்டதை ருசி பார்த்து வளர்ந்த உடம்பு என்னுடையது. சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

மச்சானைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட அவர் வாய் ஓயவில்லை. "மாப்பிள்ளை, வெள்ளைக்காலியை முதல்ல கறங்க. வரிசை மாறினா உதைப்பா. கோழிக்கு ரெண்டு வேளை தண்ணி. பால் வண்டி ஆறரைக்கு வரும், கேனை முன்னாடியே வெளியே வெச்சிடுங்க. வண்டி ஓட்டுற அம்மாவுக்குக் காத்திருக்கவே பிடிக்காது."

கதவு மூடும்வரை சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

பன்னுவைப் பற்றித்தான்.

பன்னு என் மட்டக்குதிரை. பதினொரு வருடம் என் ரொட்டி வண்டியை இழுத்தது. எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சண்டைச் சத்தம் கேட்டால், அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போய் அடுத்த வாசலில் நிற்கும். நான்கு வருடத்துக்கு முன் வேன் வாங்கினேன். லாயம் இருந்த இடத்தில் இரண்டாவது அடுப்பைக் கட்டினேன். மச்சானிடம் சொன்னபோது, "இடம் இருக்கு, புல்லு இருக்கு, கொண்டாந்து விடுங்க," என்றார். விட்டுவிட்டு வந்தேன். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஒருமுறைகூடப் போகவில்லை. பண்டிகை, கல்யாணம் என்றால் மச்சான்தான் எங்கள் வீட்டுக்கு வருவார்.

கடைக்கு வருகிறவர்கள் பன்னுவை விசாரிப்பார்கள். முதலில், "நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னேன். அதைக் கேட்டு அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். "மாமனார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி சாப்பிடுது, தூங்குது, தொப்பை போட்டுடுச்சு," என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஜீவனை நான்கு வருடம் வாயாலேயே வளர்த்திருக்கிறேன்.

பண்ணைக்குப் போன அன்று மாலையே அதைப் பார்த்திருக்கலாம். வேலை அதிகம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள், எங்கேயாவது மேய்ந்துகொண்டிருக்கும், தானாக வரட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை, வைக்கோல் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. அந்தச் செருமலை எனக்குத் தெரியும். கேட்டும், நான் கோழித் தொட்டியைக் கழுவப் போனேன். வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத வீட்டுக்கு வெறுங்கையோடு போகும்போது வாசலிலேயே கால் தயங்குமே, அப்படித்தான் இருந்தது.

புதன்கிழமை காலை பால் வண்டி வந்தது. ஓட்டி வருகிறவள் நாற்பது வயதுக்காரி, காக்கிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். கேன்களை ஏற்றி முடித்ததும், முந்தைய இரண்டு நாளும் நான் கவனிக்காத ஒன்றைச் செய்தாள். வண்டிக்குள்ளிருந்து ஒரு வாளியையும் ஒரு பையையும் எடுத்தாள். வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் போனாள். காத்திருக்கப் பிடிக்காத பெண் எங்கே போகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே மார்பளவு உயரத்தில் ஒரு கல் சுவர். அதற்குள் பாதிக் கூரை போன ஒரு தொழுவம். தரை தெரியவில்லை. சாணமும் ஈர வைக்கோலும் முழங்கால் அளவுக்குச் சேர்ந்து இறுகிக் கிடந்தன. அதன் மேல் பன்னு நின்றது. பக்கத்தில் ஒரு கிழ ஆடு.

முதலில் என் கண்ணில் பட்டது குளம்புகள்தான். குதிரைக்குக் குளம்பு நம் நகம் மாதிரி. வெட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பன்னுவின் முன்கால் குளம்புகள் ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்து, படக்கதையில் வரும் அரண்மனைச் சேவகர்களின் செருப்பு நுனி போல மேலே சுருண்டிருந்தன. அவற்றை ஊன்ற முடியாமல் குதிகாலில் சாய்ந்து நின்றது. விலா எலும்புகளை எண்ணலாம். தொப்பை என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் தண்ணீரைச் சுவருக்கு மேலே நீட்டினாள். பையிலிருந்து காரட் தோலையும் ஆப்பிள் தோலையும் கொட்டினாள். இரண்டும் மெதுவாக வந்தன. ஆடு முந்திக்கொள்ளவில்லை.

"யாரோடது இது?" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"இது என் மச்சானோட பண்ணை. நான் பத்து நாளைக்குப் பாத்துக்க வந்திருக்கேன்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். மொத்தமாகச் சேர்த்தால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

"அவரைப் போன வருஷமே கேட்டேன். ஆடு என்னோடது, குதிரை வேற ஒருத்தரோடது, அவர் வந்து பாத்துப்பாருன்னார். அந்த ஒருத்தர் இன்னும் வந்துக்கிட்டே இருக்கார். நடந்தே வர்றார் போல."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"நகராட்சியில சொல்லிட்டேன் அண்ணே. ஆளில்லாத பிராணின்னு எழுதிக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை வண்டி வரும்."

"கொண்டுபோய் வெச்சுப் பாத்துப்பாங்களா?"

"நடக்க முடியாத குதிரையையா? ஒரு ஊசி போடுவாங்க. இப்படி நிக்கிறதுக்கு அது தேவலைன்னுதான் சொன்னேன்." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "எங்க அண்ணன் லாடம் அடிக்கிறவர். அவரைக் கூட்டிட்டு வந்திருப்பேன். ஆனா சொந்தக்காரன் பக்கத்துல நிக்காம அவர் ஒரு குதிரையையும் தொட மாட்டார். வெட்டும்போது ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

வண்டி போய்விட்டது. எனக்கு மச்சான் மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தால், அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று தெரிகிறது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன்.

"என்ன மச்சான் இது? வாயில்லா ஜீவனை இப்படியா வெச்சிருப்பீங்க? எலும்பும் தோலுமா நிக்குது. குளம்பைப் பாத்தீங்களா?"

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குரல் மெலிந்து வந்தது.

"சொன்னேனே மாப்பிள்ளை."

"எப்ப சொன்னீங்க?"

"மூணு தடவை சொன்னேன். முதல் தடவை போன்ல. குளம்பு வளருது, எனக்கு மாடுதான் தெரியும், குதிரை தெரியாது, ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னேன். பாக்கலாம்னீங்க. அப்புறம் ஒரு கல்யாணத்துல சொன்னேன். கடைசியா உங்க கடைக்கே வந்தேன். நீங்க ஒரு பெரிய கேக்கை வேன்ல ஏத்திக்கிட்டு இருந்தீங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்னு சொல்லி, கையில ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் குடுத்து அனுப்புனீங்க."

கேக் ஞாபகம் இருந்தது. மூன்று அடுக்கு. அது சாய்ந்துவிடக் கூடாதே என்பதுதான் அன்று என் ஒரே கவலை.

"நீங்க வருவீங்க, வருவீங்கன்னு பாத்தேன்," என்றார். "அப்புறம் அதைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. கஷ்டமா இருக்குதுன்னு அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன். சுவருக்கு மேல வைக்கோலைப் போட்டுட்டு, பாக்காம திரும்பிடுவேன். ஆடும் வயசாகிப் பால் நின்னுடுச்சு, அதையும் அங்கேயே விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு வரும்போது உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரலை."

பால் வண்டிக்காரி சொன்னதையும், வெள்ளிக்கிழமை விவகாரத்தையும் சொன்னேன். அவர் யோசித்தார்.

"என்னோடதுன்னே சொல்லிடுங்க. கையெழுத்து வேணும்னா நான் வந்து போடுறேன். உங்களுக்குக் கடை இருக்கு, நாலு பேர் வந்து போற இடம். நான் இங்க தனியா கெடக்கிறவன்தானே, என்னைப் பத்தி யார் என்ன பேசினா என்ன?"

வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் மனிதர் இதைச் சொல்கிறார். ஒரு நிமிடம், கடவுள் என்னை மன்னிக்கட்டும், 'அதுவும் சரிதான்' என்று என் மனம் சொன்னது.

"நீங்க தூங்குங்க மச்சான்," என்று போனை வைத்தேன்.

அன்று முழுவதும் தொழுவத்தைச் சுத்தம் செய்தேன். சாணத்தை வாரி வாரித் தள்ளுவண்டியில் கொட்டினேன். பன்னு என்னை அடையாளம் கண்டுகொள்ளும், மூக்கால் என் தோளை முட்டும் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது அப்படி எதுவும் செய்யவில்லை. மண்வெட்டியோடு வந்த யாரோ ஒரு ஆளைப் பார்த்து ஒதுங்குவது போல, வலியோடு இரண்டு அடி ஒதுங்கி நின்றது. ஆடுதான் வந்து என் சட்டைப் பையை முகர்ந்தது.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். "தபால்காரர் கேட்டார், பன்னுவை இப்ப நேர்லயே பாத்திருப்பாரே, எப்படி இருக்காம்னு. என்ன சொல்லட்டும்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணன் ஏன் நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்றாள் அழுகிற குரலில்.

"சொன்னார்."

எனக்குத் தினமும் படுக்கும் முன் பிரார்த்தனை செய்கிற பழக்கம் உண்டு. என்னை நம்பியிருக்கும் எல்லோருடைய பெயரையும் சொல்வேன். மனைவி, பிள்ளைகள், கடையில் வேலை செய்கிற இருவர். அன்று பன்னுவின் பெயரைச் சேர்க்க வாயெடுத்தேன். நான் செய்ய வேண்டியதைச் செய்யாமல், கடவுளைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே கேன்களை வெளியே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றேன். வண்டி வந்தது. அவள் இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். இறங்கி, இரண்டு கேன்களை ஏற்றிய பிறகுதான் வாய் வந்தது.

"அம்மா, அந்தக் குதிரை என்னோடது."

அவள் மூன்றாவது கேனைக் கீழே வைத்தாள்.

"நாலு வருஷம் முன்னாடி நான்தான் கொண்டாந்து விட்டேன். என் மச்சான் மூணு தடவை கூப்பிட்டும் நான் வரலை. நேத்து உங்ககிட்ட இல்லங்கிற மாதிரிப் பேசினதும் நான்தான்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சு."

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"உங்க வெக்கத்தை அது திங்க முடியுமா?" என்றாள். "இன்னைக்குத் தண்ணி வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"சரி, அந்தக் கேனைப் புடிங்க. நகராட்சிக்கு நான் போன் பண்ணிடுறேன். அண்ணனை நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்."

வெள்ளிக்கிழமை அவளுடைய அண்ணன் வந்தார். அவள் எவ்வளவு பேசுவாளோ அவ்வளவு பேசாதவர். பன்னுவைச் சுற்றிவந்தார், குனிந்து குளம்பைத் தட்டிப் பார்த்தார், எழுந்து என்னைப் பார்த்தார். "சொந்தக்காரரு?"

"நான்தான்."

"தலையைப் புடிச்சுக்குங்க. பேசிக்கிட்டே இருங்க."

என்ன பேசுவது? பழைய தெருக்களின் பெயரை வரிசையாகச் சொன்னேன். எந்த வாசலுக்கு எத்தனை ரொட்டி என்று சொன்னேன். அதன் காது திரும்பியதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. கீழே ரம்பம் அறுக்கும் சத்தம். காய்ந்த கொம்பு போன்ற துண்டுகள் என் காலடியில் விழுந்தன. நடுவில் ஒருமுறை பன்னு முழுப் பாரத்தையும் என் தோளில் சாய்த்தது. அன்பினால் அல்ல, நிற்க முடியாமல். மனைவி கேலி செய்யும் இந்த உடம்பு அன்றைக்கு ஒரு வேலைக்கு உதவியது.

"இவ்வளவுதான் இன்னைக்கு," என்றார் அவர், முதுகை நிமிர்த்தி. "ஒரே நாள்ல மொத்தமும் எடுத்தா நரம்பு தாங்காது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டணும். ஒரு வருஷம் ஆகும் சரியாக. முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன். நீங்க வருவீங்களா?"

"வர்றேன்," என்றேன். மச்சானிடம் கடைசியாகச் சொன்ன அதே சொல்.

"வரலைன்னா நான் கடைக்கே வந்து கத்துவேன்," என்றாள் தங்கை. "எனக்கு ஹாரனே வேணாம்."

ஆட்டுக்கும் குளம்பு வெட்டிவிட்டார். அது முடிந்ததும் ஆடு தன் பாட்டுக்குப் போய் வைக்கோலைத் தின்றது.

பன்னுவைத் தண்ணீர்த் தொட்டிவரை நடத்திப் பார்க்கச் சொன்னார். இருபது அடி தூரம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுருண்டிருந்த நுனி இப்போது இல்லை. ஆனாலும் அது ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி, இல்லாத ஒன்றைத் தாண்டுவது போல வளைத்து வைத்தது.

"பழக்கம்," என்றார் அவர் பின்னாலிருந்து. "போயிடுச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியலை. அவசரப்படுத்தாதீங்க."

நான் அவசரப்படுத்தவில்லை. அது ஒரு அடி வைத்தால் நானும் ஒரு அடி வைத்தேன். அது நின்றால் நானும் நின்றேன். தொட்டிக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.