இரைச்சல் இல்லாத பதிவு

லா ஹோயா பேட்டையில் மின்சாரம் இருந்தால் ஒரு விதமான சத்தம், இல்லாவிட்டால் இன்னொரு விதமான சத்தம். இருக்கும்போது தெரு முழுக்கப் பச்சாத்தா நடனப் பாட்டு அலறும், துவைக்கும் இயந்திரங்கள் உதறும், வீட்டு மூலையில் இன்வெர்ட்டர் தன் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகும். மின்சாரம் போய்விட்டால் தெரு அடங்கிவிடும். ஆனால் அந்த இன்வெர்ட்டரில் செருகிய மடிக்கணினிக்குள் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் புகுந்துகொள்ளும். பேசும்போது தெரியாது, பதிவுசெய்ததைப் போட்டுக் கேட்டால்தான் தெரியும். சந்தியாகோ நகரத்தில் இதுவரை யாருக்கும் ஒரு மனிதக் குரலைச் சுத்தமாகப் பதிவுசெய்யும் அவசியம் வந்ததில்லை போலிருக்கிறது. யானிரிஸுக்கு வந்தது.

அவள் அப்பா எலிஹியோவுக்குத் தொண்டையில் புற்றுநோய். திங்கட்கிழமை தலைநகரத்து ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உயிர் தங்கும், குரல் தங்காது என்று சொல்லிவிட்டார்.

எலிஹியோ வாழைக்காய் வியாபாரி. கூரையில் ஒலிபெருக்கி கட்டிய ஒரு கிழட்டு வண்டி. காலையில் அவர் தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால் அவர் குரல் நுழைந்துவிடும். "மங்கூ மசியலுக்கு வாழைக்காய் வந்தாச்சு! பொண்டாட்டி கரண்டியத் தூக்கறதுக்கு முன்னாடி ஓடி வாங்க!" வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளவே வருவார்கள்.

"ஓட்டறதுக்குக் கை போதும்," என்றார் மகளிடம். "கூப்பிடறதுக்குத்தான் வாய் வேணும். நீ என் வாயப் புடிச்சு பொட்டிக்குள்ள போட்டுக் குடு. அது கூப்பிடட்டும், நான் ஓட்டறேன்."

யானிரிஸின் கைபேசியைப் போன மாதம் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா மிலேடிஸிடம் இருந்தது பொத்தான் அமுக்கிப் பேசும் பழையது. அக்கம்பக்கத்தில் ஒரு நல்ல போனை இரவல் கேட்கலாம் என்றால் எலிஹியோ கூடவே கூடாது என்றார். தெருவுக்கு அவர் சொல்லியிருந்த கதை, சளி பிடித்திருக்கிறது என்பது. கடைசியில் மிஞ்சியது யானிரிஸ் படிக்கிற காலத்தில் வாங்கிய மடிக்கணினிதான். அதன் திரைக்கு மேலே ஒரு கேமரா, பக்கத்தில் ஊசித்துளை அளவுக்கு ஒரு மைக். பேட்டரி செத்துப் பல காலம் ஆயிற்று, செருகியை உருவினால் அடுத்த நிமிடமே அணைந்துவிடும்.

முதல் பதிவைப் போட்டுக் கேட்டபோது மூவருக்கும் முகம் வாடிவிட்டது.

"பாப்பி, இது நீங்க கூப்பிடற மாதிரி இல்ல. தேனீக்கூட்டம் வாழைக்காய் விக்கற மாதிரி இருக்கு," என்றாள் யானிரிஸ். அவள் வாயில் அப்பா பாப்பி, அம்மா மாமி.

"அந்தத் தேனீயவும் வித்துரலாம் விடு," என்றார் எலிஹியோ. குரல் அப்போதே கரகரத்துத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்.

யானிரிஸ் கால் சென்டரில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க யார் யாருடைய குரலையோ காதில் மாட்டிக்கொண்டு இருப்பவள். இந்த இரைச்சலை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். குளிர்பெட்டியை அணைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். மடிக்கணினியைப் படுக்கையறைக்குத் தூக்கிப் போனாள், குளியலறைக்குத் தூக்கிப் போனாள். மெத்தையைச் சுவரோடு சாய்த்து அதன் முன்னால் அப்பாவை உட்காரவைத்தாள். எங்கே போனாலும் அது கூடவே வந்தது.

தெருப்பாட்டு அலறினாலும் பரவாயில்லை, மின்சாரம் வரும் நேரத்தில் பதிவுசெய்யலாம் என்று ஒருநாள் காத்திருந்தார்கள். வரவேயில்லை. சலித்துப்போய் இருட்டிலேயே ஆரம்பித்தபோது, அவர் பாதிக் கூவலில் இருக்கும்போது, வந்தது. தெரு மொத்தமும் வழக்கம்போல ஒரே குரலில் கத்தியது. "வந்திருச்சூ!" எலிஹியோ பதிவை மறந்தார், தொண்டையை மறந்தார், அவரும் சேர்ந்து கத்தினார். அந்தத் தெருவில் அந்தக் கத்தலை ஆரம்பித்துவைப்பவரே பெரும்பாலும் அவர்தான். கத்திவிட்டு இருமினார், இருமிக்கொண்டே சிரித்தார்.

"கெடுத்தீங்களே பாப்பி," என்றாள் யானிரிஸ்.

"கரண்டு வந்தா மனுஷன் கத்தாம இருப்பானா?"

மறுநாள் ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. மிலேடிஸ் சும்மா எட்டிப் பார்க்க வந்து மடிக்கணினியின் ஓரத்து இரும்புத் திருகில் விரலை வைத்தாள். பதிவில் அந்த இடத்தில் மட்டும் இரைச்சல் ஒடுங்கியிருந்தது. மறுபடி வைக்கச் சொன்னார்கள். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று அவள் தொட்டால் இரைச்சல் கொசு அளவுக்குச் சுருங்கியது. செருப்புப் போட்டால் மறுபடி பெருத்தது.

"இதப் பாரு," என்று சிரித்தார் எலிஹியோ. "இத்தன வருஷமா என் வாய அடக்குனா. இப்ப மிஷினு வாயயும் அடக்கறா."

அப்படி அவள் தொட்டுக்கொண்டு நிற்க, அவர் கூவ, சில பதிவுகள் தேறின. ஓரத்தில் இரைச்சல் இருந்தது. ஆனால் குரல் முன்னால் நின்றது, கரகரப்பும் கேலியுமாக.

"இது போதும்டி," என்றாள் மிலேடிஸ்.

"போதாது மாமி. ஒலிபெருக்கியில போட்டா இந்தக் கொசுவும் யானையாயிடும்."

ஆனால் மிலேடிஸை எந்நேரமும் அப்படி நிற்கவைக்க முடியாது. அவள் ஊருக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிறவள். சூடான இஸ்திரிப்பெட்டி பிடித்த உடம்போடு குளிர்ந்த தரையில் வெறுங்கால் வைத்தால் நரம்பு இழுத்து வாய் கோணிவிடும் என்பது அந்தத் தெருவில் யாரும் விளையாடாத விஷயம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. வந்தபோதெல்லாம் அவள் தேய்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அடுத்த வாரம் முழுக்க வேலை கிடையாது. சாயங்காலம் மின்சாரம் போனதும் மகள் கூப்பிட்டபோது தலையை ஆட்டி மறுத்தாள்.

"கை கொதிக்குது. இப்ப தரையில நின்னா நாளைக்கு உங்கப்பனுக்குக் கொரலும் இருக்காது, எனக்கு மூஞ்சியும் இருக்காது."

"வேணாம் மாமி, நான் வேற வழி பாத்துட்டேன்."

கால் சென்டரில் எல்லாக் கணினியிலும் ஒரு வடிகட்டி நிரல் இருக்கும். பக்கத்து மேசைக்காரியின் பேச்சு, வெளியே போகும் லாரி, எதுவும் வாடிக்கையாளர் காதுக்குப் போகாது. அதே நிரலின் இலவச வடிவத்தைத் தேடி இறக்கியிருந்தாள். தன் குரலிலேயே சோதித்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பதிவுசெய்து கேட்டாள். இரைச்சல் துடைத்துவிட்டது போலக் காணாமல் போயிருந்தது. யானிரிஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு நாள் மூக்கால் அழுததற்கு இவ்வளவு எளிய மருந்தா என்று சிரிப்பும் வந்தது.

கணினியில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்தது. பழைய பதிவுகளை எல்லாம் அழித்தாள். தேனீக்கூட்டம், தெரு கத்தியது, அம்மா தொட்டுக்கொண்டு நின்றவை எல்லாம். குப்பை என்று நினைத்துத்தான் அழித்தாள், கணினியின் குப்பைத்தொட்டியையும் காலிசெய்தாள்.

பிறகு எலிஹியோ உட்கார்ந்தார். இருக்கிற மிச்சக் குரலை எல்லாம் திரட்டிக் கூவினார். வாழைக்காய்க்கு, மரவள்ளிக்கு, அவகாடோவுக்குத் தனித்தனியாக. மகள் இன்னொரு தடவை என்றாள், இன்னொரு தடவை கூவினார். கழுத்து நரம்பு புடைத்தது. நடுவில் தண்ணீர் குடித்தார், அது இறங்கவே நேரம் எடுத்தது. திரையில் ஒரு பச்சை விளக்கு எல்லாம் நலம் என்று எரிந்துகொண்டிருந்தது.

"கடைசியா மாமிக்கு ஏதாச்சும் சொல்லுங்க," என்றாள் யானிரிஸ்.

"அவளுக்கென்ன, தினமும் கேட்டு அலுத்துப்போனவ."

"சொல்லுய்யா," என்று இஸ்திரி மேசையிலிருந்து குரல் கொடுத்தாள் மிலேடிஸ்.

அவர் சொன்னார். மெதுவாக, அவள் பக்கம் திரும்பி, நீளமாகவே சொன்னார். மிலேடிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள், மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டுப் பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யானிரிஸ் பதிவைச் சேமித்து, போட்டுக் கேட்டாள். "பாப்பி, தயாரா?" என்று அவள் குரல் பளிச்சென்று வந்தது. பின்னால் ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. அத்தோடு இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்து கீச்சிட்டு அணைந்தது. போகட்டும், கேட்ட வரைக்கும் தங்கம் என்று மூடிவைத்தாள். விடிந்தால் தலைநகரத்துக்குப் பேருந்து.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கழுத்தில் ஒரு துளையோடு எலிஹியோ வீட்டுக்கு வந்தார். மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. தெருவுக்கு இப்போது சளி இல்லை என்று தெரிந்துவிட்டது. யாரும் வாயைக் கொடுக்க வரவில்லை, தட்டில் மூடிய சாப்பாட்டை மட்டும் கதவருகே வைத்துவிட்டுப் போனார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவரை எழுப்ப யானிரிஸிடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மின்சாரம் இல்லாத நேரத்தில், மடிக்கணினியை வண்டியின் முன் இருக்கையில் வைத்து இன்வெர்ட்டரிலிருந்து நீளக் கம்பி இழுத்தாள். ஒலிபெருக்கியோடு இணைத்தாள். அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படியில் உட்காரவைத்தாள். மிலேடிஸ் வாசலில் நின்றாள். எதிர்வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். எலிஹியோவின் முகத்தில் வீடு திரும்பிய பிறகு முதல்முறையாக ஓர் ஆவல் தெரிந்தது.

"பாப்பி, தயாரா?" என்றது ஒலிபெருக்கி, யானிரிஸின் குரலில்.

பிறகு ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்கு. இன்னொரு தடவ."

ஒன்றும் இல்லை. நடுவில் 'ழை' என்று ஒரு துண்டு ஒலி வந்து போயிற்று.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, பாப்பி."

யானிரிஸ் பொத்தான்களைத் தட்டினாள். கம்பியைப் பிடுங்கிச் செருகினாள். முன்னால் ஓட்டினாள். அவள் குரல், அவள் குரல், மறுபடி அவள் குரல். படத்தில் அப்பா நரம்பு புடைக்கக் கூவிக்கொண்டிருந்தார், வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அப்போது அவளுக்குப் புரிந்தது. சோதித்துப் பார்த்தது அவள் குரலை. தெளிவான இளம் குரலைத்தான் அந்த நிரல் குரல் என்று எடுத்துக்கொண்டது. தேய்ந்த தகரம் மாதிரி கரகரத்த அவர் குரலை இன்வெர்ட்டர் இரைச்சலோடு சேர்த்து இரைச்சல் என்றே துடைத்துப் போட்டுவிட்டது.

நிறுத்த மறந்துபோனாள். ஒலிபெருக்கி ஓடிக்கொண்டே இருந்தது.

"கடைசியா மாமிக்கு ஏதாச்சும் சொல்லுங்க," என்றது.

"சொல்லுய்யா," என்றது மிலேடிஸின் குரல், தூரத்திலிருந்து.

நீண்ட நேரம் அமைதி. பிறகு மிலேடிஸின் சிரிப்பு. தெரு முழுக்கக் கேட்கும்படி, விழுந்து விழுந்து, மூச்சு வாங்கச் சிரித்த சிரிப்பு. அத்தோடு பதிவு முடிந்தது.

எதிர்வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

மிலேடிஸ் இறங்கிவந்து கணவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு என்னய்யா சொன்னே?" என்றாள். "ஊரு கத, வண்டி கத, ஏதோ சொன்னே. சிரிச்சது நெனப்பிருக்கு. எதுக்குச் சிரிச்சேன்னு நெனப்பு வரல."

எலிஹியோ அவளைப் பார்த்தார். யோசித்தார். யானிரிஸ் ஓடிப்போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவருக்கும் நினைவில்லை. வாய்க்கு வந்ததை என்றைக்கும்போலச் சொன்ன ஆள், அதை யார் மனப்பாடம் செய்து வைப்பார்கள்?

"பாப்பி, நான்..." என்று யானிரிஸ் ஆரம்பித்தாள். அவர் முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினாள். அவர் கை அவள் தலையில் வந்து விழுந்தது, அழுத்தவும் இல்லை, தடவவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மின்சாரம் வந்தது. தெருக்கோடியிலிருந்து கத்தல் கிளம்பி வீடு வீடாக ஓடி வந்தது. "வந்திருச்சூ!" யானிரிஸ் தலையைத் தூக்கினாள். அப்பாவின் கழுத்து நீண்டிருந்தது, வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்துத் துளையிலிருந்து புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. தெரு கத்தி முடித்த பிறகும் அவர் வாயை மூடவில்லை.

வீட்டுக்குள் இன்வெர்ட்டர் முனகத் தொடங்கியது.