பிரிக்கக் கூடாத கோட்டு

மணி எட்டு ஐந்து ஆகியும் வேன் ஆம்பூர் சர்வீஸ் ரோட்டை விட்டு மேலே ஏறவில்லை. சென்னையில் அன்று ராத்திரி கிரிக்கெட் இறுதி ஆட்டம். விடிவதற்கு முன்பே பெங்களூரை விட்டுக் கிளம்பிய கார்கள் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு போயின. ஜன்னலுக்கு ஒரு கொடி, கூரைத் திறப்பில் ஒரு தலை, ஊதல் சத்தம் வேறு. ஒருத்தனும் வழி விடுகிற பாடில்லை.

கடைசி சீட்டில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்த செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷூ கம்பெனியில் பேஸ்டிங் மேசை முன்னால் பதினெட்டு வருஷம் நின்று பசை தடவிய கால் அது. மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. அதனாலேயே கடைசி சீட்டு அவளுக்கென்று எழுதாத பட்டா. எட்டரைக்குள் கார்டு தேய்க்காவிட்டால் லேட். மாதத்தில் மூன்றாவது லேட் என்றால் அரை நாள் போச்சு. அவளுக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு.

"பாய், மூக்கை நுழைச்சிடுங்க. இவனுங்க விட்டுத்தான் நாம போவணும்னா மேட்சே முடிஞ்சிடும்."

"இரும்மா. அவங்களுக்கு மேட்ச், நமக்கு மெஷின். ரெண்டும் ஓடிப்போயிடாது" என்றார் டிரைவர் சமீருல்லா.

பேரணாம்பட்டிலிருந்து பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஒன்பது வருஷமாக வருகிற மனிதர். அவரிடம் ஒரு பழக்கம். முன்னால் போகிற வண்டிக்கும் தன் வேனுக்கும் நடுவில் இன்னொரு வேன் நிற்கிற அளவு இடம் விடுவார். அந்த இடத்தில் எவனாவது வந்து நுழைவான். இவர் மறுபடி பின்தங்கி இடம் விடுவார். "பாய் முன்னாடி ஒரு கல்யாண ஊர்வலமே போயிடும்" என்று பெண்கள் தினமும் கேலி செய்வார்கள். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பதோடு சரி.

ஒருவழியாக மேலே ஏறி, மாதனூர் பக்கம் திரும்பி இரண்டு கிலோமீட்டர் கூடப் போகவில்லை. இடது ஓரமாக முந்தப் பார்த்த ஒரு வெள்ளைக் கார் வேனின் பின்சக்கரத்தில் உரசித் தேய்த்துக்கொண்டு போனது. டயர் டமாரென்று வெடித்தது. சமீருல்லா பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகத்தைத் தானாக அடங்கவிட்டு, இடது ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பக்கம் மட்டும் பாதி சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. இடித்த கார் நிற்கவே இல்லை.

"நம்பரைப் பாத்தியாடி?" என்று யாரோ கத்தினார்கள்.

"கொடி மூடியிருந்திச்சுக்கா. கொடிதான் தெரிஞ்சுது" என்றாள் முன் சீட்டு ஷர்மிளா. ஸ்டிச்சிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்.

சமீருல்லா நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு இறங்கினார். "எல்லாரும் இறங்குங்க. இடது பக்கமா. இரும்புத் தடுப்பைத் தாண்டி அந்தாண்ட போய் நில்லுங்க."

"டயர மாத்துங்க பாய், நாங்க உக்காந்துக்கினே இருக்கோம்" என்றாள் செண்பகம். "என்னால இறங்கி ஏற முடியாது. இன்னா பெரிய அடி பட்டுச்சு இப்போ?"

"இறங்குன்னா இறங்கு!"

ஒன்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. கோபத்தில் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவரே உள்ளே ஏறி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, படிக்கட்டில் இறக்கிவிட்டார். ஷர்மிளாவும் இன்னொருத்தியும் தடுப்புக்கு மேலே அவளைப் பிடித்து இழுத்தார்கள். புடவை கிழிந்தது. "பொம்பளைய மூட்டை மாதிரி தூக்கினு..." என்று செண்பகம் முனகிக்கொண்டே கருவேலம்புதர் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

வண்டி நிற்கிறதென்று பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட, சாலையில் வைக்கிற சிவப்பு முக்கோணம் ஒன்று வேண்டும். அது உடைந்து மாதம் மூன்று ஆகிறது. வேன் காண்ட்ராக்டரிடம் மூன்று தடவை சொல்லியும் வரவில்லை. சமீருல்லா நாலாபுறமும் பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய பொட்டலத்தை இழுத்தார்.

"பாய், அது வேணாம்!" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் கடையிலிருந்து கம்பெனிக்காக அவர் வாங்கி வந்த சேஃப்டி கோட்டுகள் அவை. வியாழக்கிழமை ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைப் பார்க்க வருகிறார். அன்றைக்குப் போட்டுக்கொண்டு நிற்க. மறுநாள் திரும்பக் கழற்றிக் கொடுக்க. அதுவரை ஒரு பாக்கெட் பிரியக் கூடாது என்று எச்.ஆர். ஆல்வின் சார் இரண்டு முறை போன் செய்து சொல்லியிருந்தார்.

சமீருல்லா பல்லால் கடித்துப் பொட்டலத்தைக் கிழித்தார். பளபளவென்று பச்சை மஞ்சள். ஆறு கோட்டை எடுத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டி, பெண்கள் நின்ற பக்கமாகவே பின்னோக்கி ஓடி, நூறு அடிக்கு மேலே போய், சாலையை ஒட்டிய கருவேலங்கிளைகளில் ஒவ்வொன்றாக மாட்டினார். முள் கையைக் கிழித்தது. கார்கள் தூரத்திலேயே அதைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் ஒதுங்கிப் போக ஆரம்பித்தன. ஒன்று, பத்து, ஐம்பது என்று ஒதுங்கிப் போயின.

ஒன்றே ஒன்று ஒதுங்கவில்லை. அதை ஓட்டியவன் ஒரு கையால் செல்லைத் தூக்கிப் பிடித்து முன்னால் போகிற கொடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வேனின் பின்பக்கத்தில் நேராக வந்து மோதினான்.

சத்தம் அடங்கியபோது செண்பகம் பார்த்தது தன் சீட்டை. அது சீட்டாக இல்லை. அதற்கு முன்னால் இருந்த சீட்டின் முதுகோடு ஒட்டி, தகரத்துக்கு நடுவில் மடிந்து கிடந்தது. அவள் டிபன் பை பச்சை நிறத்தில் ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது. "ஐயோ சாமி" என்றாள். ஷர்மிளா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சமீருல்லா காரிடம் போயிருந்தார். உள்ளே இரண்டு பையன்கள்; காற்றுப் பை விரிந்து உயிர் தப்பியிருந்தார்கள். ஒருவனுக்கு நெற்றியில் ரத்தம். கைவிட்டு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். "கழுத்தத் திருப்பாத தம்பி. இறங்காத. வண்டி வருது" என்றார். 108-க்குப் பேசினார், போலீசுக்குப் பேசினார். பையன்களை இழுத்துப் போட்டு உதைக்க வந்த வழிப்போக்கர்களை விலக்கினார். வண்டிகளை யாரும் நகர்த்துவதற்கு முன்னால் ஷர்மிளாவை நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொன்னார். தன் துண்டை மடித்து அந்தப் பையனின் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார், ஆம்புலன்ஸ் வரும்வரை.

கோட்டுப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது பத்தரை. கேட்டுக்குள் நுழைந்து திரும்பியதும் கண்ணில் படுவது, கேட் கம்பியை ஒட்டி நிற்கிற அந்தக் கரும்பலகைதான்: விபத்தில்லா வேலை நாட்கள் 412. பதினைந்து பேருக்கும் அரை நாள் லீவு போட்டாகிவிட்டது. உயிரோடு வந்து சேர்ந்தவளுக்கு அரை நாள் ஒரு பெரிய விஷயமா? செண்பகம் நேராக ஆல்வின் சார் அறைக்கு நொண்டிக்கொண்டு போனாள்.

"கோட்டைப் பிரிச்சது யாரு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"பிரிச்சதாலதான் சார் அத்தினி வண்டி ஒதுங்கிப் போச்சு. அவரு இறக்கிவிடலன்னா நான் இப்ப தகரத்துக்குள்ள இருந்திருப்பேன். போட்டோ இருக்குது, பாருங்க."

அவர் போட்டோவைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல காரியம்தாம்மா செஞ்சிருக்காரு. ஆனா ஆக்சிடெண்ட் ஆன வண்டி டிரைவரை மாத்தணும்னு ரூல் இருக்கு. காண்ட்ராக்டர் வேற ஆளு அனுப்பறேன்னுட்டாரு."

"அப்ப நாளைக்குப் போர்டுல சைபர் போடுவீங்களா சார்?"

"அது எப்படிம்மா? காண்ட்ராக்ட் வண்டி, வெளிய ரோட்டுல நடந்தது. நம்ம ஆக்சிடெண்ட்டு கணக்குல அது வராது."

"அவரு கணக்குல மட்டும் வருதா சார்?"

ஆல்வின் சார் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

வியாழக்கிழமை புது வேன், புது டிரைவர். முன்னால் போகிற வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். எட்டு இருபதுக்கே கொண்டுவந்து விட்டான். யாரும் கேலி பேசவில்லை. செண்பகம் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

கேட்டுக்கு வெளியே சமீருல்லா நின்றிருந்தார். பழைய வேனில் வைத்திருந்த சாமான்களை வாங்கிப் போக வந்தாராம். விரல்களில் இன்னும் முள் கீறல். செண்பகம் ஒரு டப்பாவை அவர் கையில் திணித்தாள். ராத்திரி உட்கார்ந்து செய்த ரவா லட்டு.

"உங்களாலதான் பாய் நான் இன்னிக்கி நிக்கிறேன். உங்கள வாய்க்கு வந்தபடி முனகினேனே, அத மனசுல வெச்சுக்காதீங்க."

"அட போம்மா. அல்லா காப்பாத்தினான். பதினஞ்சு பேரும் உசுரோட வந்து சேர்ந்தீங்களே, அது போதும் எனக்கு. அந்தப் பையன் கூட போன் பண்ணான், தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்." அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. "சீட்டு முன்னாடி மாத்திக்கினியா?"

"மாத்திக்கினேன் பாய்."

உள்ளே எல்லாருக்கும் கோட்டு கொடுத்தார்கள். செண்பகத்தின் கைக்கு வந்ததில் தோள்பட்டை ஓரமாக மூன்று இடத்தில் முள் கிழித்திருந்தது. மாற்றிக் கொடு என்று அவள் கேட்கவில்லை, இறுக்கிப் போட்டுக்கொண்டாள். வாட்ச்மேன் மூர்த்தி ஈரத் துணியால் பலகையைத் துடைத்து, சாக்பீஸால் 414 என்று அழகாக எழுதினார். வெளிநாட்டுக்காரர் அதைப் பார்த்து மகிழ்ந்து, படம் எடுக்க வேண்டும் என்றார். பத்துப் பெண்களைப் பலகைக்குக் கீழே வரிசையாக நிறுத்தினார்கள். செண்பகம் நடுவில் நின்றாள்.

கேமராவைக் கண்ணில் வைத்தவர், இறக்கி, பெண்களுக்குப் பின்னால் கைகாட்டி ஏதோ சொன்னார். மூர்த்தி ஓடிப்போய், கேட் கம்பிக்கு வெளியே டப்பாவோடு நின்றிருந்த சமீருல்லாவைப் படத்தில் விழாத தூரத்துக்குத் தள்ளிப் போகச் சொன்னார்.